பெயர் கேட்க மறந்த ஆலோசகர் அக்காவுக்கு நன்றி

சென்ற ஆடி மாதம் என் தங்கையை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு அழைத்து வந்தபோது, மனநலப் பிரிவில் எங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கிய ஆலோசகர் அக்கா, உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. பெயர் கேட்கவும் தோன்றாத பதற்றத்தில் இருந்தோம்.

"நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது" என்று மட்டுமே அவளுக்குச் சொல்லத் தெரிந்தது. முன்பு பார்த்த இடத்தில், இசிஜி சரியாக இருக்கிறது, நடிக்கிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். நீங்களோ, நம் பெண்கள் பலர் மனத்துயரை உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினீர்கள். மணிக்கட்டிலிருந்த மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கழற்றச் சொல்லாமல், அதைக் கட்டிவிட்டது யார் என்று கேட்டீர்கள். அப்பத்தா என்றவள், அவர் இறந்ததைச் சொல்லி அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். (மாத்திரையும் தந்தார்கள், அதுவும் தேவைப்பட்டது.)

"வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால்?" என்று அம்மா தயங்கியபோது, சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை என்று பொறுமையாகச் சொன்னதோடு, நள்ளிரவிலும் தமிழிலேயே பேசலாம் என்று 14416 என்ற, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தச் சீட்டு இன்னும் எங்கள் வீட்டு நாள்காட்டியில்தான் இருக்கிறது. தங்கை கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள், அக்கா.