கேள்வி எந்த அமைச்சருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பச்சைத் தேயிலை விலை பற்றி நம் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் வாயே திறக்கவில்லை என்று குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குறை சொல்கிறார்கள். யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மாநில அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தொழிலாளர் பிரச்சினைக்கு வனத்துறை. இன்கோசர்வ் இணையத்தின் கீழுள்ள கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்கு சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறை. அந்தந்தத் துறையின் செலவுக்கு அவை விவாதித்து ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை நாளைத் தவறவிட்டு வேறு துறை விவாதத்தில் பேசினால், 'இது என் துறை அல்ல' என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும்.

கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மட்டுமே அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில், அத்தோடு சரி. அமைச்சர் அறிக்கை வாசிக்க வழிசெய்யும் 110-வது விதியின் கீழ் அறிவிப்பு வந்தால் விவாதமே கிடையாது, மேசை தட்டும் ஓசை மட்டும்தான்.

கூடலூர் பிரிவு 17 நிலப் பிரச்சினை வேறு ரகம். ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய அந்தப் பிரிவையே மாற்ற வேண்டுமென்றால் அமைச்சரின் விளக்கத்தை மட்டும் பெற்றுத் தரும் கவன ஈர்ப்புத் தீர்மானம் போதாது. திருத்த மசோதா வர வேண்டும்.

மானியக் கோரிக்கைத் தேதிகளைத் துறைவாரியாக நீங்கள் முன்கூட்டியே வெளியிட்டால், விவசாயிகள் தங்கள் மனுவை நேரத்தோடு எம்.எல்.ஏ. கையில் சேர்த்துவிடலாம்.

– வாசகர், குன்னூர்