வைரஸ் பாதியில் விட்ட வேலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா கண் அறுவைக்குப் பிறகு நலமாக இருக்கிறார், பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார்.

எச்ஐவி தன் டிஎன்ஏவை நம் டிஎன்ஏவில் செருகும்போது வெட்டுப்பட்ட இடம் என்ன ஆகிறது என்று கேட்டிருந்தாய். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. செருகும் வேலைக்கென்று வைரஸிடம் இருக்கும் நொதியான இன்டக்ரேஸ் பாதி வேலையைத்தான் செய்கிறது. வைரஸ் டிஎன்ஏவின் இரண்டு முனையிலும் ஓர் இழை மட்டும் நம் டிஎன்ஏவோடு சேர்கிறது. மற்ற இழை, துணியில் ஒட்டுப் போட்டு ஓரம் தைக்காமல் விட்டதுபோல் நிற்கும். நம் பக்கத்தில் 5 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளத்துக்கு இடைவெளி, வைரஸ் பக்கத்தில் 2 எழுத்து வால். வாலை நறுக்கி, இடைவெளியை நிரப்பி, கடைசியில் லிகேஸ் என்ற ஒட்டும் நொதி கொண்டு ஒட்டுவது நம் செல்லின் சொந்தப் பழுதுநீக்கும் புரதங்கள்தான். எச்ஐவி சேர்ந்த ரெட்ரோவைரஸ் குடும்பத்திடம் லிகேஸே கிடையாது. தினமும் டிஎன்ஏவில் விழும் சேதத்தைச் சரிசெய்ய இருக்கிற ஏற்பாடுதான் இங்கே வைரஸை நிரந்தரமாக உட்காரவைக்கிறது. டிஎன்ஏ பழுதுநீக்கம் பற்றிய ஆய்வுக்காக 2015-ல் தாமஸ் லிண்டால் உள்பட மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது உனக்குத் தெரியும்.

அப்புறம், இதே புரதங்கள் வைரஸுக்கு எதிராகவும் வேலை செய்கின்றன. செருகப்படாமல் உட்கருவில் மிதக்கும் வைரஸ் டிஎன்ஏ, முறிந்த குரோமோசோமின் துண்டு போலத் தெரிகிறது. கேயூ என்ற பழுதுநீக்கும் புரதங்கள் முனைகளில் அமர, செல் இரு முனைகளையும் ஒட்டி வட்டமாக்கிவிடுகிறது. அந்த வட்டத்திலிருந்து தொற்று மேலே போவதில்லை. எச்ஐவி இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுமில்லை. அதன் விபிஆர் புரதம், யூஎன்ஜி2, எச்எல்டிஎஃப் போன்ற பழுதுநீக்கும் புரதங்களைச் செல்லே சிதைக்கும்படி செய்கிறது.

அப்படியானால் இந்தப் புரதங்களையே மருந்தால் தடுக்கலாமே என்று நீ கேட்பாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்பிடி என்ற பழுதுநீக்கும் புரதம் ஒன்று மட்டும் கெட்டாலே, வெயில் பட்டுத் தோலில் புற்றுநோய் வரும் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் வரலாம். வைரஸின் இன்டக்ரேஸைத் தடுப்பதே சரி. 2007-ல் அனுமதி பெற்ற ரால்டெக்ராவிர் என்ற மருந்து அதைத்தான் செய்தது. அந்த மருந்தை எடுத்தவர்களில் சிலரிடம் நான் சொன்ன வட்டங்கள் கூடியதைக் கண்டார்கள். செருக முடியாமல் நின்ற டிஎன்ஏவைச் செல் வட்டமாக்கியிருக்கிறது! இதைப் படித்தபோது எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

சரி, நீ நோயாளிகளை நேரில் பார்ப்பவன். இதே வகையைச் சேர்ந்த டோலுடெக்ராவிர் மருந்துக்கு மாறியவர்கள் எப்படி இருக்கிறார்கள், மருந்தை விடாமல் எடுக்கிறார்களா என்று விரிவாக எழுது.

அன்புடன்,
முரளி