காட்டில் கிடைத்த தோல்பெட்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, பொறுத்துக்கொள். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததும் மனது லேசானது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலைத் திரும்பப் படித்தேன். 1818-இல் வந்தது. கல்லூரி நாட்களில் நமக்கு அது வெறும் பூதக் கதை. இந்த முறை நடுவில் ஓரிடத்தைத் தாண்ட முடியவில்லை. ஃப்ராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி உயிர் கொடுத்துவிட்டுப் பெயர்கூட வைக்காமல் கைவிட்ட அந்தப் படைப்புக்குக் காட்டில் ஒரு தோல்பெட்டி கிடைக்கிறது. 'அது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவன் என்றே சொல்கிறேன். ஒரு குடிசையில் வாழ்ந்தவர்களை மறைந்திருந்து கவனித்துப் பேச்சும் எழுத்தும் கற்றவன் அவன். பெட்டியில் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியம், புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு தொகுதி, அப்புறம் ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவல் 'வெர்தரின் துயரங்கள்'.

கைகூடாத காதலில் நொந்து தன்னையே சுட்டுக்கொண்டவன் வெர்தர். 1774-இல் அந்த நாவல் வந்தபோது இளைஞர்கள் அவனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் அணிந்து திரிந்தார்கள். ஆனால் பெட்டியைக் கண்டெடுத்த இவனைப் போல அதைப் படித்தவர் யாருமில்லை என்று தோன்றுகிறது. வெர்தரைவிடத் தெய்வீகமான ஒருவனைக் கண்டதோ கற்பனை செய்ததோ இல்லை என்கிறான். அந்தச் சாவு சரியாகப் புரியாமலே அதற்காக அழுகிறான். அழுதுகொண்டே தன்னை அவனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். தனக்கு உறவென்று யாருமில்லை, தான் செத்தால் அழ ஓர் ஆளில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. நான் யார், எங்கிருந்து வந்தேன் என்ற கேள்விகள் பிறக்கின்றன. கடைசியில் வடதுருவப் பனியில் தன் சிதையைத் தானே மூட்டப்போவதாகச் சொல்லிவிட்டு மறைகிறானே, அங்கே எனக்கு வெர்தர்தான் நினைவுக்கு வந்தான்.

ஒரு வித்தியாசம் என்னை விடமாட்டேன் என்கிறது. வெர்தருக்கு மனதைக் கொட்டிக் கடிதம் எழுத வில்ஹெல்ம் என்ற நண்பன் இருந்தான். படித்ததைச் சொல்லக்கூட இவனுக்கு ஓர் ஆளில்லை. நான் படித்து முடித்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வில்ஹெல்மின் பதில்களில் ஒன்றைக்கூட கதே நாவலில் சேர்க்கவில்லை. நீ எனக்குக் கட்டாயம் பதில் எழுது. நான்கு வரி போதும், கண்ணை வருத்திக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்