போனில் பேசிய விலை பில்லில் எங்கே?

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கொரோனா ஊரடங்கு காலத்தில் எடுத்த உங்கள் பைபர் இணைப்பும் அதோடு வந்த டிவி பாக்ஸும்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் ஓடுகின்றன. ஒரு மாதம்கூட பணம் கட்டாமல் நின்றதில்லை. நான் எழுதுவது ஒரே விஷயத்துக்காகத்தான். இணைப்பைத் துண்டிக்கச் சொன்னபோது உங்கள் ஆள் என்னிடம் மாதம் 599 ரூபாய், ஒரு வருடத்துக்கு மாறாது என்று விலை பேசி முடித்தார். அடுத்த பில் பழையபடி 799க்கு வந்திருக்கிறது. கேட்டால் அப்படி ஒரு சலுகை பதிவிலேயே இல்லை என்கிறீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டில் புதிதாக உங்கள் இணைப்பு எடுத்தார்கள். அதே 100 எம்பிபிஎஸ், அதே மாதிரி பாக்ஸ், எங்கள் வீட்டுக்கு வரும் அதே போஸ்ட்டிலிருந்து இழுத்த கேபிள். அவர்களுக்கு மாதம் 599, எனக்கு 799. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் அவர்கள் கட்டுவது 706 ரூபாய் 82 காசு, நான் கட்டுவது 942 ரூபாய் 82 காசு. மாதம் 236 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு 2,832 ரூபாய். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவளுக்கு இது சின்னத் தொகை இல்லை. கேபிள் இழுக்க வந்த தம்பியிடம் கேட்டேன். "அது புது கஸ்டமருக்கான ரேட்டுக்கா, பழையவங்களுக்கு சிஸ்டத்துல காட்டாது" என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருப்பதைச் சொன்னான்.

அப்புறம் உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மலையாளத்துக்கு 1, இங்கிலீஷுக்கு 2, இந்திக்கு 3. தமிழ் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று இந்தப் பக்கம் முழுக்க வீட்டுக்கு வீடு தமிழ் பேசுகிற ஊர்கள், தமிழ் வழியில் பாடம் நடத்தும் பள்ளிகள் இருக்கிற ஊர்கள். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும், சமாளித்துக்கொண்டேன். என் மாமியார் மாதிரி ஆட்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தீர்களா?

முதலில் பேசிய பையன் பழைய வாடிக்கையாளர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்று முடித்துவிட்டார். சரி, அப்படியானால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், ரூட்டரையும் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். உடனே லைன் வேறு ஒரு பிரிவுக்குப் போனது. அங்கே பேசிய பெண், "சேச்சி, கட் செய்யண்டா, ஞான் ஒரு ஓஃபர் தராம்" என்றார். முதலில் 699 சொன்னார். பக்கத்து வீட்டு விலையைச் சொன்னேன். ஹோல்டில் போட்டுவிட்டுத் திரும்ப வந்து 599 என்றார், கூடவே தமிழ் சேனல் தொகுப்பைத் தனிக் கட்டணம் இல்லாமல் போட்டுத் தருவதாகவும் சொன்னார். வரி சேர்த்து எவ்வளவு என்று கேட்டேன், 706.82 என்று பைசா சுத்தமாகச் சொன்னார். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன், பன்னிரண்டு மாதம் என்றார். நடுவில் ஏற்ற மாட்டீர்களே என்றேன், மாட்டோம் என்றார். எழுத்தில் வேண்டும் என்று கேட்டதற்கு 24 மணி நேரத்துக்குள் மெசேஜ் வந்துவிடும் என்றார்.

மெசேஜ் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: உங்கள் வேண்டுகோளின்படி துண்டிப்புக் கோரிக்கை ரத்து செய்யப்பட்டது. விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பில்லைத் திறந்தால் மாத வாடகை 799, தள்ளுபடி என்ற இடத்தில் 0.00, தமிழ் தொகுப்புக்குத் தனியாகக் கட்டணம்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். துண்டிக்கச் சொன்ன ஒருத்தி அதே அழைப்பில் மனம் மாறி வேண்டாம் என்கிறாள். எதற்காக? பழைய விலையையே தொடர்ந்து கட்டுகிறேன் என்று சொல்லவா உங்கள் துண்டிப்புப் பிரிவு வரை போவாள்? உங்கள் மெசேஜே நடந்ததற்குச் சாட்சி. அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அப்படிப் பேசவில்லை என்று எனக்கு எழுத்தில் சொல்ல உங்களால் முடியுமா? பில் வந்த பிறகு நான் பேசிய யாருமே அந்தப் பதிவைக் கேட்கத் தயாராக இல்லை. சிஸ்டத்தில் இல்லை, சிஸ்டத்தில் இல்லை என்பதையே திருப்பிச் சொல்கிறார்கள். சிஸ்டத்தில் ஏற்ற வேண்டியது நீங்கள்தானே?

என் பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஏற்பாடே எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போட்டு, போய்விடுவேன் என்று சொல்கிறவருக்கு ஒரு விலை, பேசாமல் கட்டிக்கொண்டிருக்கிறவருக்கு வேறு விலை. எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு மகன் வளைகுடாவிலிருந்து ஆன்லைனில் பில் கட்டுகிறான். அந்தம்மா உங்களைக் கூப்பிட்டுப் பேரம் பேசப் போவதில்லை. அவரிடம் அதிகம் வாங்கித்தான் பக்கத்து வீட்டுக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அது நியாயமா? ஒரே வகை வாடிக்கையாளர்களுக்குள் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1999ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கட்டண ஆணையிலேயே இருக்கிறது. போகப் போகிறவர்களைப் பிடித்து வைக்கத் தனியாகக் கொடுக்கும் சலுகைகளின் விவரத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குத் தர வேண்டும் என்று மொபைல் நிறுவனங்கள் வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரகசிய விலை என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இதெல்லாம்?

நாங்கள் எளிதில் மாற முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். மொபைல் என்றால் நம்பரை வைத்துக்கொண்டே வேறு கம்பெனிக்குப் போகலாம். வீட்டு இணையத்துக்கு அந்த வசதி இல்லை. புது கேபிள் இழுக்க வேண்டும், புது ரூட்டர், புது பாக்ஸ், இன்ஸ்டலேஷன் கட்டணம், நடுவில் சில நாள் நெட் இல்லாமல் இருக்க வேண்டும். என் மகள் நீட் பயிற்சியை ஆன்லைனில்தான் படிக்கிறாள், அவளுக்கு ஒரு நாள் நின்றாலும் கஷ்டம். அதைத் தெரிந்துகொண்டுதான் பழைய ஆளிடம் விலையைக் குறைக்காமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். கேரள அரசின் இணையத் திட்டமான கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது 20 எம்பிபிஎஸ் மாதம் 299 ரூபாய், வரி தனி என்று அறிவித்தார்கள். பிஎஸ்என்எல் பைபர் இருக்கிறது. எங்கள் ஊர் கேபிள்காரரும் இப்போது பைபர் கொடுக்கிறார், ஏதாவது பழுது என்றால் பைக்கில் பத்து நிமிடத்தில் வந்து நிற்கிறார். இவ்வளவு நாள் உங்களிடமே இருந்ததற்குக் காரணம், உங்கள் லைன் உண்மையிலேயே நன்றாக ஓடுகிறது. மழைக்காலத்தில்கூட அதிகம் போனதில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

டிவி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்களை மாதிரி எல்லையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி. எங்கள் பின்கோடு 678ல் தொடங்குகிறது என்பதால் உங்கள் கம்ப்யூட்டர் எங்களுக்கு மலையாள அடிப்படைத் தொகுப்பைத்தான் காட்டுகிறது. தமிழ் வேண்டுமானால் மேலே காசு. பொள்ளாச்சி ரோட்டில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் என் அண்ணன் வீடு. அங்கே பின்கோடு 642, அதனால் தமிழ் தொகுப்பு அடிப்படையிலேயே வருகிறது, அண்ணிக்கு மலையாளம் வேண்டுமென்றால் அவர்கள் மேலே கட்ட வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே குடும்பம். எங்கள் வீட்டில் அத்தைக்குத் தமிழ் சீரியல் இல்லாமல் சாயங்காலம் போகாது. என் வீட்டுக்காரருக்கு மலையாள நியூஸ் வேண்டும். இரண்டு மொழியும் ஓடும் வீடுதான் இந்தப் பக்கம் அதிகம். நீங்களோ யாருமே பார்க்காத சேனல்களைத் தொகுப்பில் அடைத்துவிட்டு, பார்க்கிற சேனலுக்குத் தனிக் காசு கேட்கிறீர்கள்.

பார்க்கும் சேனலை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற ட்ராய் முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு சேனலும் தனி விலையில் கிடைக்க வேண்டும், தொகுப்பைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. தொகுப்பில் சேர்க்கிற கட்டணச் சேனலின் தனி விலை 19 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. இதில் எங்கேயும் பாலக்காட்டுக்காரர் தமிழ் சேனலை இந்த முறையில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. நான் வேண்டிய சேனல்களைத் தமிழும் மலையாளமுமாகத் தேர்ந்தெடுத்துப் பட்டியலாகக் கொடுத்தபோது "உங்க சர்க்கிளுக்கு அது வராது", அதாவது உங்கள் பகுதிக்குக் கிடையாது, என்று சொல்லிவிட்டார்கள். எந்த விதியில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முன்பு 200 சேனல் வரைக்கும், சேனல் விலை தவிர மாதாமாதம் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பாவது இருந்தது. 2024 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி நீங்கள் சொல்கிற விலைதான் விலை என்கிற நிலையில், வாயால் சொன்ன விலையைக்கூட மதிக்கவில்லை என்றால் நாங்கள் எதை நம்புவது?

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். பேசியபடி 599 ரூபாயும் வரியும் என்ற கட்டணத்தை, நான் பேசிய தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கில் ஏற்றுங்கள். பில்லில் அதிகமாகப் போட்ட தொகையை நீக்குங்கள், தமிழ் தொகுப்புக்குப் போட்டதையும் சேர்த்து. பன்னிரண்டு மாதம் முடிந்ததும் என்ன விலை வரும் என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள், அன்றைக்குத் திடீரென்று 799 ஆக்கிவிட்டு மறுபடி நான் துண்டிப்பேன் என்று மிரட்ட வேண்டிய நிலை வரக் கூடாது. புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலை உங்கள் ஆப்பில் பழையவர்களுக்கும் தெரிய வேண்டும், கேட்காமலே மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் போதும். எல்லையோர பின்கோடுகளில் தமிழோ மலையாளமோ எதை அடிப்படைத் தொகுப்பாக வைப்பது என்பதை வீட்டுக்காரர்களே முடிவு செய்யட்டும். உதவி எண்ணில் தமிழையும் சேருங்கள்.

இந்தக் கடிதத்தோடு பழைய பில், புது பில், உங்கள் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், அழைப்பு நடந்த தேதியும் நேரமும் காட்டும் படம், புகார் பதிவு எண் எல்லாம் இணைத்திருக்கிறேன். டிவி சம்பந்தப்பட்டதை புகார்களைக் கவனிக்கும் உங்கள் நோடல் ஆபீசருக்கும் தனியாக அனுப்புகிறேன். இணையக் கட்டணத்துக்கு உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டு, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்புச் சேவைப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022லேயே சொல்லிவிட்டது. வேலையை விட்டுவிட்டு அலைய எனக்கு ஆசை இல்லை, ஆனால் அலைவேன்.

இது முடியும்வரை அந்த அழைப்பின் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். பில்லில் தகராறு இல்லாத 706.82 ரூபாயைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிட்டேன், மீதித் தொகைக்காக லைனைத் துண்டிக்கக் கூடாது. பதிலை ஈமெயிலில் அனுப்புங்கள், தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம், இரண்டும் எனக்குப் படிக்கத் தெரியும். போனில் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாடிக்கையாளர்
(கணக்கு எண் இணைப்பில்)