செந்திலுக்கும் படித்துக் காட்டு

செயின்ட் லூயிஸ்,
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பொங்கலன்றும் நான் பேசவில்லை என்று அம்மா கண் கலங்கியதாக எழுதியிருந்தாய். தப்பு என்னுடையதுதான். இரவு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், அதனால் நேரம் புரண்டுவிட்டது. வேலையிடத்தில் விடிய விடிய ஹீட்டர் ஓடும், குளிருக்கு அதுதான் வசதி. வேறு குறை எதுவும் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

இங்கே பனியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மழையாக விழுந்து படியில் கண்ணாடியாக உறைகிறதே, அதுதான் கொடுமை. அது உருகக் கல்லுப்புத் தூவ வேண்டும். அதை அள்ளும்போதெல்லாம் நம் தெருவில் வரும் உப்பு வண்டிக்காரரின் குரல் காதில் கேட்கிறது.

பல நாள் என் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரே தூவிவிடுகிறார். பேஸ்பால்தான் அவருக்கு உயிர். கோடை முழுக்க வாசலில் ரேடியோவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் பென்சிலால் நோட்டில் குறிப்பார். மட்டையை வீசாமலே நின்று அவுட்டானவனுக்குக் 'கே' என்ற ஆங்கில எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்.

செந்தில் இரண்டு வருடமாக மாவட்ட அணியில் மாற்று விக்கெட் கீப்பராகவே உட்கார்ந்திருக்கிறான், பையைப் பரணில் போட்டுவிட்டான் என்று எழுதினாயே, அதை அவரிடம் சொன்னேன். உடனே மைக் கோன்சாலஸ் கதையை எடுத்தார். கியூபாவின் ஹவானாவில் பிறந்து 1912-இல் அமெரிக்கப் பெரிய லீக்கில் ஆட வந்தவர். கேட்சர், அதாவது நம் கீப்பர் மாதிரி. 17 பருவம் ஆடினார். சிகாகோ அணியில் கேபி ஹார்ட்நெட் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்ததால், அங்கே இவருக்கு இரண்டாம் இடம்தான்.

ஆனால் ஆட்களை எடைபோடுவதில் கெட்டிக்காரர். மோ பெர்க் என்ற இளைஞனைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் நாலே சொல்லில் தந்தி அடித்தாராம்: 'பந்துபிடி நன்று, அடி இல்லை'. அந்த பெர்க்கும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே 15 பருவம் நிலைத்து, பிறகு பாஸ்டனில் பயிற்சியாளரானார். கோன்சாலஸ் 1934 முதல் இந்த ஊர் கார்டினல்ஸ் அணிக்குப் பயிற்சியாளர். 1946 உலகத் தொடரின், அதாவது பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரின், கடைசி ஆட்டத்தில் கார்டினல்ஸ் ஆட்டக்காரர் ஸ்லாட்டர் முதல் தளத்திலிருந்து ஒரே ஓட்டமாக, மட்டைக்காரர் நிற்கும் 'ஹோம்' தளத்துக்கு வந்து வெற்றிப் புள்ளி எடுத்தபோது, மூன்றாம் தளத்தருகே ஓடுகிறவர்களுக்குக் கைகாட்டும் பயிற்சியாளராக நின்றவர் கோன்சாலஸ்தான். பாஷை தெரியாத ஊரில் ஒருவர் அத்தனை வருடம் காலூன்றியிருக்கிறார், அக்கா. அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவர் நினைப்புதான்.

போன ஞாயிறு உளுந்தஞ்சோறு வைத்தேன். எள்ளுத் துவையலும் அரைத்தேன். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், ஒரு வாய்கூட இறங்காமல் மூடி வைத்துவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு என்னால் வர முடியாது. சாஸ்தா கோயிலில் என் பெயருக்கும் அத்தானே பொங்கல் வைக்கட்டும். கிணற்று மோட்டாருக்கான பணத்தை இரண்டு தவணையாக அனுப்புகிறேன், கடைக்காரரிடம் சித்திரை வரை பொறுக்கச் சொல். வடக்கு வயலைக் குத்தகைக்கு விடுவதானால் பெரியப்பாவைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

செந்திலின் பையை இறக்கி, கையுறைகளை நிழலில் காயப் போடு. பரணில் கிடந்தால் தோல் பூசணம் பிடித்துவிடும்.

உன் தம்பி,
முருகேசன்