டிசம்பரா, மார்ச்சா?

டோக்கியோ, எடொகாவா
நவம்பர் 9

அன்புள்ள சேகருக்கு,

நானும் சுமதியும் குட்டியும் நலம். ஆகஸ்டில் வந்த கடிதத்துக்கு நவம்பரில் பதில் எழுதுகிறவனை நீ எந்தச் சொல்லால் திட்டுவாய் என்பது எனக்குத் தெரியும். விடுதிக் காலத்திலிருந்தே அது என் இரண்டாம் பெயர்தானே. உன் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை நம் தாடிப் பயல் சொன்னான். இனி அவர்களுக்கு உன் தலையில் நரை தெரியும், எச்சரிக்கையாக இரு.

நாங்கள் ஊர் திரும்புவது உறுதி. எப்போது என்று நீ கேட்ட ஒற்றைக் கேள்விக்குத்தான் மூன்று மாதமாக என்னால் விடை எழுத முடியவில்லை. காரணம் விமானச் சீட்டு அன்று, வீட்டுச் சாமான்கள் அன்று. இங்கே ஜூமின்ஸெய் என்று அழைக்கப்படும் குடியிருப்பு வரி. சிரிக்காதே. சென்னையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடிக்கிற தொழில்வரி எவ்வளவு என்றுகூட உனக்கு நினைவிருக்காது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியலமைப்பே அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. இங்கே கடிவாளம் கிடையாது. கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் பத்து விழுக்காடு, அதாவது நான் குடியிருக்கும் எடொகாவா வட்டத்துக்கு ஆறு, டோக்கியோ பெருநகருக்கு நான்கு; அதன்மேல் தலைக்கு 5,000 யென். அந்த ஐயாயிரத்தில் ஆயிரம், 2024 முதல் காடுகளைப் பேணுவதற்கான வரி. நடுவண் அரசின் வருமான வரி இவை எல்லாவற்றுக்கும் வெளியே, தனி.

இந்த வரியின் விசித்திரம் அதன் அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. போன ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஈட்டியதற்கு இந்த ஆண்டு ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை பன்னிரண்டு தவணைகளாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஏப்ரலில் வந்து இறங்கிய எனக்கு அதற்கு முந்தைய ஆண்டில் இங்கே வருமானமே இல்லாததால், முதல் பதினான்கு மாதம் ஒரு யென்கூடப் பிடிக்கவில்லை. இதுதான் என் சம்பளம் என்று நம்பி, அதற்கேற்ப வாடகைக்கு வீடு பிடித்து, அதற்கேற்ப உன்னிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். மறு ஆண்டு ஜூனில் கைக்கு வந்த தொகை இருபதாயிரம் யென்னுக்கு மேல் குறைந்திருந்தபோது, கணினிப் பிழை என்று எண்ணிச் சம்பளப் பிரிவுக்குப் போய் வாதாடினேன். அங்கிருந்த அம்மையார் ரயில் சீட்டை இழுத்து நீட்டியதுபோன்ற ஒரு நீளத் தாளை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். ஒரு சொல்கூடப் புரியாமல் பதினேழு முறை தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கற்றுக்கொண்ட அன்று முதலில் கண்ணில் பட்டது, என் அம்மாவுக்கான வரிக் கழிவு அதில் இல்லை என்பதுதான். வெளிநாட்டில் வாழும் பெற்றோரைச் சார்ந்தோராகக் காட்ட உறவுச் சான்றும் பணம் அனுப்பிய சான்றும் வேண்டும். 2023 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது: முப்பது வயதிலிருந்து அறுபத்தொன்பது வரை உள்ளவருக்கு, அவர் மாணவரோ மாற்றுத்திறனாளியோ அல்லாவிட்டால், ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும்; அதுவும் அவரவர் பெயரில். நானோ இருவருக்குமான பணத்தை அப்பாவின் கணக்கிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எழுபத்தொன்று, தப்பித்தார். அம்மாவுக்கு அறுபத்தாறு, வரித் தாளின் கண்ணில் என் அம்மா இல்லாதவர் ஆகிவிட்டார். குடியிருப்பு வரியில் மட்டும் 33,000 யென் இழப்பு. அம்மாவுக்குத் தனிக் கணக்கு தொடங்கி அதில் அனுப்பத் தொடங்கினேன். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அப்பாவிடம் கேட்காமல் அம்மா செலவு செய்வது இதுவே முதல் முறை. ஜப்பானிய வரிச் சட்டம் எங்கள் வீட்டில் நிகழ்த்திய சமூக சீர்திருத்தம் என்று சுமதி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஜனவரி முதல் தேதி எந்த ஊரில் குடியிருக்கிறோமோ, அந்த ஊருக்கு முந்தைய ஆண்டு முழுவதுக்குமான வரி சேரும். டிசம்பர் 31-க்குள் முறைப்படி வட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டுப் போனால், இந்த ஆண்டு வருமானத்துக்குக் குடியிருப்பு வரியே இல்லை. இரண்டாம் தேதி விமானம் ஏறினால் முழுவதும் உண்டு. ஓர் இரவின் விலை என் கணக்கில் சுமார் 3,40,000 யென். நீ தொலைபேசியில் போட்ட கணக்கு சரியே; ரூபாயில் ஏறத்தாழ இரண்டு லட்சம். "கிறிஸ்துமஸுக்கே கிளம்பி வாடா" என்று நீ சொன்னது நியாயமான அறிவுரை.

ஆனால் குட்டிக்கு ஆறாம் வகுப்பு மார்ச்சில்தான் முடிகிறது. நாங்கள் வந்த ஏப்ரலில் தன்னைவிடப் பெரிய தோல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு முதல் வகுப்பில் நுழைந்தவள், அதே பள்ளி மேடையில் ஏறிச் சான்றிதழ் வாங்கும் நாளுக்காக இப்போதே பாட்டுப் பழகுகிறாள். டிசம்பரில் சென்னைக்கு வந்தால் ஜூன் வரை அவள் என்ன செய்வாள்? நான் இதைச் சொன்னபோது சுமதி இன்னொன்றும் சொன்னாள்: "வந்த வருஷம் ஒரு காசு கொடுக்காம நூலகம், பூங்கா, இவளுக்கு ஆஸ்பத்திரி எல்லாம் அனுபவிச்சோம். போற வருஷமும் அப்படியே போகணுமா?" இங்கே பிள்ளைகளின் மருத்துவத்துக்கு நாங்கள் கையிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை, 2023 ஏப்ரலில் டோக்கியோவின் 23 வட்டங்களிலும் அதைப் பதினெட்டு வயது வரை நீட்டித்துவிட்டார்கள். சட்டப்படி எனக்குக் குற்றவுணர்வு தேவையில்லை என்பது வேறு விஷயம். இன்னொரு கணக்கும் இடிக்கிறது. ஃபுருசாதோ நோஸெய் என்று ஓர் ஏற்பாடு 2008 முதல் இருக்கிறது. ஏதேனும் ஓர் ஊருக்கு நன்கொடை அனுப்பினால், வரம்புக்கு உட்பட்டு, 2,000 யென் போக மீதியை வரியில் கழித்துக்கொள்வார்கள். அந்த ஊரும் நன்கொடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பொருள் அனுப்பும். ஃபுருசாதோ என்றால் சொந்த ஊர். எனக்கு வாய்த்த சொந்த ஊர் நீகாத்தாவில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அரிசி சாம்பாருக்குக் கொஞ்சமும் பணியாது, தயிருக்கு அமிர்தம். இந்த ஆண்டுக்கான நன்கொடையை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். டிசம்பரில் கிளம்பினால் கழிப்பதற்குக் குடியிருப்பு வரியே இராது.

குறை ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த வரிப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் எனக்கு வாக்கு இல்லை. வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமையை அரசியலமைப்பு உறுதி செய்யவில்லை, ஆனால் சட்டம் இயற்றி நிரந்தரக் குடியிருப்பாளர் போன்றோருக்கு வழங்குவதைத் தடுக்கவும் இல்லை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டம் வரவேயில்லை. எங்கள் வட்டத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடக்கிறது. 2019-இல் வீடுவீடாகக் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், எங்கள் வட்டத்தைச் சுட்டி "இங்கே இருக்கக் கூடாது" என்றே அச்சிட்டிருந்தார்கள். அண்டை வீட்டுப் பாட்டி அதை இன்னும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் உன் வீட்டு மாடியில் நாம் மூன்று இரவு இருந்தோமே, அப்போது இப்படி முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் ஒரு தாள் யாராவது கொடுத்திருந்தால்! அந்த அட்டையைப் பார்க்கும்போது மட்டும் நான் கட்டும் வரி எனக்கு உறுத்துவதில்லை.

ஆகவே மார்ச் கடைசி வாரம். கடைசிச் சம்பளத்தில் மே வரையிலான தவணைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஜூனில் வரும் புதிய வரித் தாளைப் பெற்றுக் கட்டுவதற்கு இங்கே வசிக்கும் ஒருவரை நோஸெய் கன்ரினின், அதாவது வரிப் பொறுப்பாளர், என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பணத்தை அவரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டு வருகிறேன். ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி என நான்கு தவணை. கடைசித் தவணை கட்டப்படும்போது நாம் உன் வீட்டு மாடியில் பொங்கல் முடித்த கையோடு கரும்பு கடித்துக்கொண்டிருப்போம். நீ சேமித்துக் காட்டிய இரண்டு லட்சத்தை நான் தொலைத்துவிட்டதாகத் தாடியிடம் போய்ச் சொல்லாதே. சொன்னால் அந்தப் பணத்தில் தனக்கும் பங்கு இருந்தது என்பான்.

குட்டிக்கு ஏழாம் வகுப்பில் இடம் கிடைக்குமா என்று உன் அக்காவின் பள்ளியில் மட்டும் விசாரித்து எழுது. நான் செய்ததுபோல் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் 'நாளைக்கு'