டேட்டா ரெக்கவரி கடை வைக்க நினைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சுயதொழில் பகுதியில், குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடிய கம்ப்யூட்டர் தொழில்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் டேட்டா ரெக்கவரியும், அதாவது பழுதான டிஸ்க், மெமரி கார்டு போன்றவற்றிலிருந்து போன டேட்டாவை மீட்டுக் கொடுக்கும் தொழிலும் இருந்தது. ஒரு லேப்டாப், ஒரு சாஃப்ட்வேர், பத்துக்குப் பத்தில் ஒரு கடை இருந்தால் போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். மதுரையில் பல வருடங்களாக இதே வேலையைச் செய்பவன் நான். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை மட்டும் நம்பிக் கடை போடுகிற பையன் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிடுவான், அதற்குள் அவனை நம்பி டிஸ்க்கைக் கொடுத்த நாலு பேருடைய டேட்டாவும் போயிருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையில் சொல்லியிருந்த வேலை, அதாவது தவறுதலாக டெலிட் செய்த ஃபைலை சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கொடுப்பது, தேய்ந்துகொண்டே வருகிற வேலை. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் அது இருக்கும் இடத்தைப் பற்றிய குறிப்புதான் போகும், மேலே வேறு எதையாவது எழுதும்வரை டேட்டா அப்படியே கிடக்கும். அதனால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச சாஃப்ட்வேரே பாதி வேலையை முடித்துவிடும். இப்போது வருகிற லேப்டாப் எல்லாமே பெரும்பாலும் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே டேட்டாவை வைப்பது. அதில் டிரிம் என்று ஒரு கட்டளை உண்டு, ஃபைலை அழித்ததும் அந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அதைத் தானாகவே துடைத்துவிடும். அதற்கப்புறம் எந்த சாஃப்ட்வேர் போட்டும் பலன் இருக்காது. போன்களும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்களில் டேட்டாவைச் சாவி போட்டுப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் கட்டாயம், ஐபோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிப்பைக் கழற்றிப் படித்தாலும் சாவி இல்லாத பூட்டுதான். செத்துப்போன போனில் போர்டை ரிப்பேர் செய்து உயிர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல மாடல்களில் அது தானாகவே போட்டுக்கொள்ளும், வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் 48 இலக்க எண் கேட்டு நீலத் திரை வந்து நின்றதும் எல்லாம் போச்சு என்று பதறிக்கொண்டு ஓடி வருவார்கள். பெரும்பாலும் அந்த எண் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய இதற்குக்கூட ஆயிரக்கணக்கில் வாங்குகிற கடைகள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் இதற்குப் பணம் வாங்காதீர்கள். நேர்மையாகச் சொல்லி அனுப்பினால் அந்த ஆள் அடுத்த முறை தானும் வருவார், இன்னும் நாலு பேரையும் அழைத்து வருவார்.

சரி, அப்படியானால் சந்தை எங்கே இருக்கிறது? சென்னை ரிச்சி தெருவில் ஏற்கெனவே போட்டி அதிகம். தெற்கு மாவட்டங்களில் அப்படி இல்லை. சிவகாசி அச்சகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், வருடக்கணக்கில் சேர்த்த டிசைன் ஃபைல்கள் எல்லாம் டெராபைட் டிஸ்க்குகளில் கிடக்கும், பல இடங்களில் பேக்கப் என்று எதுவும் இருக்காது. அங்கே ஒரு டிஸ்க் ஆனி மாதத்தில் படுத்தால் முதலாளிக்குச் செலவு பெரிதாகத் தெரியாது, நேரம்தான் முக்கியம். திருப்பூர் பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட்களும் இதே கதைதான். அப்புறம் ஆடிட்டர் அலுவலகங்கள், மொத்த வியாபாரக் கடைகள், அவர்களுடைய டாலி கணக்கு சாஃப்ட்வேர் டேட்டா. ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருடக் கணக்கை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டப்படி 8 வருடம். அவ்வளவு கணக்கும் மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிற ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும்.

கல்யாண போட்டோகிராபர்களும் நிரந்தர வாடிக்கையாளர்கள். மெமரி கார்டு பழுதாகிவிட்டது என்று முகூர்த்தம் முடிந்த அன்றைக்கே வந்து நிற்பார்கள், மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது இல்லையா. கார்டு சாஃப்ட்வேருக்குப் படியாவிட்டால், அதுவும் மைக்ரோ எஸ்டி என்றால், மேல்பூச்சைச் சுரண்டி மயிரிழை போன்ற கம்பிகளை சால்டர் வைக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லை.

நாளுக்கு நாள் பெருகி வருவது சிசிடிவி. கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் டிஸ்க்குகளைச் சாதாரண விண்டோஸ் படிக்காது, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையில் பதிவு செய்கிறது, இடம் நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே எழுதிக்கொண்டு போகும். சம்பவம் நடந்த உடனே டிவிஆரை நிறுத்தச் சொல்லிக் கடைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் வழக்கு சம்பந்தப்பட்ட டிஸ்க்கில் விளையாட்டாகக் கை வைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு ஹாஷ் மதிப்போடு (டேட்டா மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) சான்றிதழ் தர வேண்டும், அதில் நிபுணர் கையெழுத்திட ஒரு பகுதியும் உண்டு. எழுத்துமூலம் கேட்காமல் அந்த வேலையைத் தொடாதீர்கள், தொட்டால் முதலில் டிஸ்க்கை எழுத முடியாதபடி தடுத்து நகல் எடுங்கள், பிறகு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இப்போது முதலீட்டுக்கு வருகிறேன். டிக் டிக் என்று சத்தம் போடுகிற டிஸ்க்கை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிற தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும் எல்லாவற்றையும் உழுதுவிட. ஹெட் மாற்ற வடிகட்டிய காற்று வீசுகிற மேடை வேண்டும், பிசி-3000 மாதிரி பழுதான டிஸ்க்கைப் படிக்கிற ஒரு கருவி வேண்டும். அது பல லட்சம் ஆகும், தவிர முறையான பயிற்சி இல்லாமல் தொடவும் முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம் டோனர் டிஸ்க், அதாவது உதிரிபாகம் எடுத்துப் போட உதவும் அதே மாதிரி இன்னொரு டிஸ்க். மாடல் எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதே வகை ஹெட் இருக்க வேண்டும், டிஸ்க்கை இயக்குகிற ஃபர்ம்வேர் என்ற உள் சாஃப்ட்வேரும் ஒத்துப்போக வேண்டும். போர்டு மாற்றினால்கூடப் பழைய போர்டில் இருக்கிற ரோம் (ROM) சிப்பில் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பீரோ நிறைய பழைய டிஸ்க் சேர்த்து வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான மூலதனம், அதைச் சேர்க்கப் பல வருடங்கள் ஆகும்.

அதனால் புதியவர்களுக்கு என் யோசனை, முதல் இரண்டு வருடம் டிஸ்க்கைத் திறக்கவே திறக்காதீர்கள். நன்றாக இருக்கிற டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்து ஃபைல் மீட்பது, மெமரி கார்டு, டிவிஆர், இவற்றோடு பேக்கப் அமைத்துக்கொடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் வரும்படி அதில்தான் நிற்கும். திறக்க வேண்டிய டிஸ்க்கைப் பெரிய லேபுக்கு அனுப்பிக் கமிஷன் வாங்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு காட்டி மானியக் கடன் கேட்கலாம், மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் அந்தப் பணத்தில் முதல் நாளே மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால், கற்றுக்கொள்வது யாரோ ஒருவருடைய டிஸ்க்கில்தான்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் என்னை உறுத்துகிறது. நம்மிடம் வருகிற டிஸ்க்கில் ஒரு குடும்பத்தின் மொத்த அந்தரங்கமும் இருக்கிறது. எத்தனையோ பெண்கள் லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப் பயந்து, போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மீட்ட டேட்டாவில் ஒரு நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்கிற கடைகளும், டேட்டா வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பேசிய தொகையை இரண்டு மடங்காக்குகிற கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு வழி செய்கிறது, ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்கிற காரியமில்லை இது. என்ன தொகை, எத்தனை நாள், நம்மிடம் இருக்கும் நகலை எப்போது அழிப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பார்ட்டி முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள். பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால் மிக நன்றாகப் போகும் என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இன்றைக்குக் கடைக்கு வராமல் இருக்கிற வாடிக்கையாளர்களில் பெரும்பங்கு பெண்கள்.

ரான்சம்வேர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கணக்கு டேட்டா எல்லாம் பூட்டப்பட்டுப் பணம் கேட்டு மிரட்டல் வந்திருக்கும், மீட்டுத் தருகிறோம் என்று சொல்கிற சிலர் பின்வாசல் வழியாகத் திருடனுக்கே பணம் கட்டிவிட்டு அதன்மேல் லாபம் வைக்கிறார்கள். 2019இல் அமெரிக்காவில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் இதை ஆதாரத்தோடு வெளியிட்டது. ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் மற்றவர்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. முதலில் அங்கே பாருங்கள், கிடைக்காவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நனைந்த டிஸ்க்குகளைப் பலரும் வெயிலில் காயவைத்தும் அரிசிக்குள் புதைத்தும் கரண்டு கொடுத்துப் பார்த்தும்தான் கொண்டுவந்தார்கள். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்றோட்டத்துக்கு ஒரு துளை உண்டு, அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். நனைந்ததைக் காயவிடாமல் அப்படியே பிளாஸ்டிக் உறையில் மூடிக் கொண்டுவர வேண்டும், எக்காரணம் கொண்டும் ஆன் செய்யக் கூடாது. சத்தம் வரும் டிஸ்க்கையும் உடனே நிறுத்த வேண்டும், விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டக் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இதை ஒரு சின்னக் கட்டமாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
டேட்டா ரெக்கவரி வேலை செய்யும் ஒரு வாசகர்,
மதுரை.